புற்றுக்காளானும் நத்தையும்

கோவைக்கு மேற்கே ஆனைகட்டி, சிறுவாணி அடிவாரத் தோட்டங்களில் ராத்திரி இடியோடு மழை பெய்தால், விடிந்ததும் கரையான் புற்றைச் சுற்றிக் குடை குடையாகக் காளான் நிற்கும். பக்கத்துச் சருகில் ஐந்து ரூபாய் நாணயம் அளவு ஓட்டைச் சுமந்தபடி ஒரு நத்தை ஊரும். இடி இடித்தால்தான் காளான் முளைக்கும் என்பார்கள். காளானையும் நத்தையையும் வெளியே வரவழைப்பது ஈரம்தான்.

காளான் செடியல்ல. பச்சையம் இல்லாததால் தன் உணவைத் தானே சமைக்க அதற்கு வழியில்லை. உறவு பார்த்தால் தென்னையைவிட நத்தைதான் அதற்குக் கிட்டத்துச் சொந்தம். காளானின் செல்சுவரில் உள்ள கைட்டின் என்ற பொருள் நத்தையின் நாக்கிலும் இருக்கிறது. ஆயிரக்கணக்கான நுண்பற்கள் கொண்ட அரம் அந்த நாக்கு. அதை வைத்துக் காளானையே சுரண்டித் தின்னும் நத்தைகள் உண்டு.

புற்றுக்காளானை மெதுவாக இழுத்துப் பாருங்கள். தண்டு மண்ணோடு முடியாது. வேர் போல நீண்டு உள்ளே இறங்கும். அடியில், கரையான்கள் இலையையும் கட்டையையும் தின்று கழித்துக் கட்டிய தேனடை போன்ற படுக்கை இருக்கும். அங்கே வெள்ளை இழைகளாகப் படர்ந்திருக்கும் பூஞ்சைதான் அசல் உயிர். நாம் பறிப்பது வித்துத் தூவ அது மேலே அனுப்பிய காய். கட்டையைச் செரித்துத் தருவது பூஞ்சை, அதற்கு வீடும் தீனியும் தருவது கரையான். சுமார் 3 கோடி ஆண்டுகளாக நடக்கும் வெள்ளாமை இது. அதனால்தான் சிப்பிக்காளான், பால்காளான் போல இதை வைக்கோல் படுக்கையில் வளர்க்க முடிவதில்லை. புற்றருகே நிற்பதெல்லாம் தின்னும் காளானும் அல்ல. பறித்துப் பழகியவர் பார்த்துச் சொல்லாமல் சட்டியில் போடாதீர்கள்.

நத்தைக்கு இப்படி மண்ணுக்குள் மறைந்த உடம்பு கிடையாது. கண்ணில் படுவதுதான் முழு உயிர். ஓடு கட்ட அதற்குச் சுண்ணாம்பு வேண்டும்; மதுக்கரைக்குச் சிமென்ட் ஆலையைக் கொண்டுவந்த அதே சுண்ணாம்பு. கோடையில் ஓட்டின் வாயைக் காய்ந்த சளியால் அடைத்துக்கொண்டு, சருகடியில் மழை வரும்வரை தூங்கும்.

காளானைப் பறித்தாலும் அதன் உடம்பு மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். சித்திரையில் வேலியோரச் சருகுக்குத் தீ வைத்தால் தூங்கும் நத்தை அப்படியே வெந்துபோகும். அதைப் பார்க்க எனக்கு மனசு பொறுப்பதில்லை. சருகைக் கூட்டி மரத்தடியில் மூடாக்காகப் போட்டால் நத்தையும் பிழைக்கும், மண்ணும் ஈரம் காக்கும். வேலியோரப் புற்றையும் நிரவாமல் விடுங்கள். அதை இடித்துவிட்டால் அடுத்த மழைக்கு அங்கே காளான் வராமல் போகலாம்.