படிக்கப் போன பாம்படம்!

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. எங்கள் வீட்டு ஹாலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். காதுக்கொரு சாவிக்கொத்து, நூலில் கட்டித் தொங்குகிறது. எதிரே செல்போனை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு என் மகள் அதட்டுகிறாள்.

"தலையை மெதுவா திருப்புங்கப்பா. திருப்பிட்டு டக்குனு நின்னுடணும். நின்ன பிறகும் சாவி ஆடணும். நீங்க ஆடக்கூடாது!"

அந்த நேரம் பார்த்து, கேபிள் டி.வி. பணம் வாங்குகிற பையன் வாசலில் வந்து நின்றான். ஒரு நிமிஷம் பார்த்தான். "அப்புறம் வர்றேன் சார்" என்று பின்பக்கமாகவே படியிறங்கிப் போய்விட்டான். இன்றுவரை ஆளைக் காணோம். அந்த வகையில் நமக்கு லாபம்தான்.

விஷயம் இதுதான். மகள் சென்னையில் ஒரு கல்லூரியில் அனிமேஷன் படிக்கிறாள். கடைசி வருஷம். ஆளுக்கொரு குறும்படம் செய்து கொடுத்தால்தான் பட்டம். 'திட்டமிடும் வேலை' என்று மூன்று வாரம் திருநெல்வேலிக்கு வந்தாள். திட்டம்தானே, நோட்டில் ரெண்டு பக்கம் எழுதுவாள் என்று நினைத்தேன். வந்த மறுநாளே ஹால் சுவரில் இருந்த காலண்டர், மாமனார் படம், கடிகாரம் எல்லாம் கீழே இறங்கின. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாகக் காகிதம் ஏறியது.

"படம் யாரைப் பத்திம்மா?"

"ஆச்சியைப் பத்தி."

ஆச்சி என்றால் என் அம்மா. 2011-இல் காலமானாள். அப்போது மகளுக்கு எட்டு வயசு.

தென்மாவட்டத்துக்காரர்களுக்குப் பாம்படம் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: காதைச் சின்ன வயசிலேயே வடித்து, தோள்வரை தொங்கவிட்டு, அதில் போடுகிற கனமான நகை. உள்ளே அரக்கு, மேலே தங்கத் தகடு. உருண்டையும் கட்டமும் தட்டுமாக ஒரு குட்டிக் கோபுரம் போல இருக்கும். அம்மா தலையைத் திருப்பினால் முகம் முதலில் வந்து சேரும். பாம்படம் பின்னாலேயே வந்து கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போகும்.

1984-இல் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தபோது அது காதை விட்டு இறங்கியது. ஹாஸ்டல் பணம் கட்ட வேறு வழியில்லை. அதற்குப் பிறகு அம்மாவின் காது வெறுங்காதாகவே தொங்கியது.

கதை என்னுடையதாயிற்றே! விடுவேனா? கதை இலாகாவில் நானும் சேர்ந்துகொண்டேன். பஸ் ஸ்டாண்டில் அம்மா கையசைக்கிற காட்சி, ஹாஸ்டல் ரூமில் நான் படிக்கிற காட்சி, கறுப்பு அங்கியும் தொப்பியுமாகப் பட்டம் வாங்குகிற காட்சி... எல்லாம் சேர்த்து ஆறு நிமிஷம் வந்தது. மகள் பேசாமல் கால்குலேட்டரை எடுத்தாள்.

சினிமாவில் ஒரு விநாடிக்கு 24 பிரேம். கையால் வரைகிற அனிமேஷனில் ஒரு படத்தை இரண்டு பிரேமுக்கு வைத்துக்கொள்வார்கள். அப்படியும் விநாடிக்கு 12 படம். ஆறு நிமிஷம் என்றால் 360 விநாடி, 4,320 படம்! வரைந்து, கோடு திருத்தி, வண்ணம் தீட்டி ஒரு நாளைக்கு 20 படம் முடித்தால் பெரிய விஷயம். ஆக, 216 நாள். கல்லூரி கொடுத்திருப்பதோ நாலு மாசம்.

"ரெண்டரை நிமிஷம்தான்பா. 1,800 படம், 90 நாள். நடுவுல ஜுரம் கிரம் வந்தா சமாளிச்சுக்கலாம்."

"கம்ப்யூட்டர் தானே வரைஞ்சுக்காதா?" என்றேன். பார்த்தாள் ஒரு பார்வை! கம்ப்யூட்டரில்தான் வரைகிறாள், பேனா மாதிரி ஒரு குச்சியால் பலகை மேல். ஆனால் வரைவது அவள் கைதான். பக்கத்து வீட்டு மாமா, "ஏ.ஐ.கிட்ட சொன்னா ஒரு நிமிஷத்துல பண்ணிடுமாமே" என்று எடுத்துக் கொடுத்தார். "அதுக்கு எங்க ஆச்சியைத் தெரியாதே மாமா" என்றாள். மாமா காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

மாணவர்கள் இந்த நீளம் விஷயத்தில்தான் மாட்டிக்கொள்வார்களாம். வழிகாட்டி ஆசிரியர் ஒவ்வொரு வருஷமும் ஒரு கதை சொல்லிப் பயமுறுத்துவாராம். இங்கிலாந்தில் நிக் பார்க் என்ற மாணவர் 1982-இல் களிமண் பொம்மைகளை வைத்துப் படிப்புக்காக ஒரு படம் ஆரம்பித்தார். 'எ கிராண்ட் டே அவுட்'. வாலஸ் என்கிற ஆசாமியும் குரோமிட் என்கிற நாயும் பாலாடைக்கட்டி தேடி நிலாவுக்குப் போகிற கதை. படம் 20 நிமிஷத்துக்குக் கொஞ்சம் அதிகம். முடிந்தது எப்போது? 1989-இல்! நடுவில் ஆர்ட்மேன் ஸ்டூடியோ கைகொடுத்ததால் கரையேறியது. பிறகு அது ஆஸ்கருக்குப் பரிந்துரையாகி, அதே நிக் பார்க்கின் இன்னொரு படத்திடமே தோற்றது தனிக் கதை. "நமக்கு ஆர்ட்மேனும் வர மாட்டான், யுனிவர்சிட்டி ஏழு வருஷம் காத்திருக்கவும் செய்யாது" என்பாராம் ஆசிரியர்.

அடுத்து, ஆச்சியை உருவாக்குகிற வேலை. முதல் நாள் அவள் வரைந்த ஆச்சி அச்சு அசலாக என் அம்மாவேதான். பாம்படத்தின் ஒவ்வொரு முடிச்சும், சேலையின் ஒவ்வொரு கட்டமும் துல்லியம். நான் உருகிப்போய்விட்டேன். போனில் பார்த்த ஆசிரியர் உருகவில்லை. "ரொம்ப அழகு. இதை 1,800 தடவை வரையப் போறது யாரு?" என்று கேட்டார்.

அதோடு கட்டம் போட்ட சேலை போச்சு. நடக்கும்போது ஒவ்வொரு கட்டமும் துணியோடு சேர்ந்து மடங்கி நெளிய வேண்டும். ஒரு கோடு தப்பினாலும் சேலை கொதிக்கிற மாதிரித் தெரியுமாம். ஒரே நிறத்தில் வெறும் சேலை ஆயிற்று. பாம்படம் ஒரு உருண்டை, ஒரு கட்டம், ஒரு தட்டு என்று மூன்று வடிவமாகச் சுருங்கியது. உடம்பை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, வெறும் நிழலாக வைத்துப் பார்த்தாள். நிழலைப் பார்த்தே இன்னார் என்று தெரிய வேண்டுமாம். என் சகதர்மிணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்து, "அத்தை மாதிரியே இருக்கே!" என்றாள். காது மட்டும்தான் அதில் அடையாளம். பாஸ்!

பிறகுதான் சாவிக்கொத்து வந்தது.

பாம்படத்தின் கனத்தை எப்படிக் காட்டுவது? பெரிதாக வரைந்தால் கனம் வராது. முகம் நின்ற பிறகு அது எத்தனை படம் கழித்து நிற்கிறது என்பதில்தான் கனம் இருக்கிறதாம். முகம் எட்டுப் படத்தில் திரும்பி நின்றுவிடும். பாம்படம் பிந்தி வந்து, தாண்டிப் போய், திரும்பி, அப்புறம் அடங்கும். டிஸ்னியின் பழைய கைகளான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-இல் எழுதிய புத்தகத்தில் அனிமேஷனுக்கு 12 விதிகள் சொல்லியிருக்கிறார்கள். அதில் இதுவும் ஒன்று. விதி கிடைத்துவிட்டது, ஆட்டிப் பார்க்கக் காது வேண்டுமே? 1937-இல் வந்த 'ஸ்நோ ஒயிட்' படத்துக்காக மார்ஜ் பெல்ச்சர் என்ற இளம் நடனக்காரியை ஆடவிட்டுப் படம்பிடித்து, அதைப் பார்த்துத்தான் வரைந்தார்களாம். எங்கள் ஆச்சிக்கு நான். பட்ஜெட் அவ்வளவுதான்.

ஸ்டோரிபோர்டு என்கிற அந்தச் சுவர்க் கட்டங்களில் இருந்து தப்பிக்க மகள் ஒரு முயற்சி செய்தாள். "ஃப்ளோ படத்துக்கு ஸ்டோரிபோர்டே கிடையாதாம் சார். 2025-ல ஆஸ்கரே வாங்கிடுச்சு!" லாட்வியா நாட்டுக்காரர் இலவச சாஃப்ட்வேரான பிளெண்டரில் செய்த பூனைப் படம் அது. ஆசிரியர் அசரவில்லை. "அவர் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு உலகத்தையே கட்டி, அதுக்குள்ள கேமராவை அலையவிட்டுத் தேடினாரு. நீ ஒவ்வொரு கோணத்தையும் புதுசா வரையணும். காகிதத்துல கிழிச்சா ஒரு காகிதம் போகும். வரைஞ்சு முடிச்சப்புறம் கிழிச்சா ஒரு மாசம் போகும்."

அவர் சொன்னது எவ்வளவு உண்மை என்பதற்கு அதே 'ஸ்நோ ஒயிட்'டே சாட்சி. குள்ளர்கள் சூப் குடிக்கிற காட்சி ஒன்றை வார்ட் கிம்பால் என்பவர் மாசக்கணக்கில் வரைந்து முடித்தார். எல்லோரும் சிரித்தார்கள். வால்ட் டிஸ்னிக்கும் பிடித்தது. ஆனால் கதை நகரவில்லை என்று மொத்தமாகத் தூக்கிவிட்டார். கிம்பால் வேலையையே விட்டுவிடலாமா என்கிற அளவுக்குப் போய்விட்டார். சமாதானமாக, அடுத்த படமான 'பினோக்கியோ'வில் ஜிமினி கிரிக்கெட் என்ற சுவர்க்கோழிப் பாத்திரம் அவர் கைக்கு வந்தது.

இந்தக் கதையை மகள் எனக்கு ஏன் சொன்னாள் என்றால், சுவரிலிருந்து என் பட்டமளிப்பு விழாவைக் கிழிப்பதற்கு முன்னால் சொன்னாள்.

பஸ் ஸ்டாண்டு போயிற்று. ஹாஸ்டல் போயிற்று. அங்கியும் தொப்பியும் குப்பைக்கூடையில். மிஞ்சியது 42 கட்டம். அதில் என் முகம் ஒன்றில்கூட இல்லை. படத்தின் ஆரம்பத்தில் ஒரு குரல் "எம்மா" என்று கூப்பிடுகிறது. ஆச்சி திரும்புகிறாள், பாம்படம் ஆடுகிறது. கடைசியிலும் அதே குரல், அதே "எம்மா", அதே திரும்பல். காது மட்டும் வெறுமையாக, லேசாக, இரண்டே படத்தில் ஆடி நின்றுவிடுகிறது.

"முகத்துக்கு வரைஞ்சதை அப்படியே திரும்ப எடுத்துக்கலாம்பா. காதை மட்டும் மாத்தினா போதும். வேலை மிச்சம்" என்றாள். எனக்கு என்னவோ வேலை மிச்சமானது மாதிரித் தெரியவில்லை.

அன்று ராத்திரி ஒரு யோசனை சொன்னேன்.

"நடுவுல ஒரு காட்சி மட்டும் சேர்த்துக்கோயேன். மகன் வேலைக்குப் போய், முதல் சம்பளத்துல அம்மாவுக்குப் பாம்படம் வாங்கிட்டு வர்றான். எட்டு விநாடி போதும்."

"எட்டு விநாடின்னா 96 படம். அஞ்சு நாள் வேலை" என்றாள். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அது நடந்துச்சாப்பா?" என்று கேட்டாள்.

நடக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாசம் கடன் போட்டு நான் வாங்கியது டி.வி.எஸ். 50. அதில் அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிப்போனேன். அப்புறம் கல்யாணம், வீடு என்று வரிசையாக வந்தது. ஒரு தடவை கேட்டேன். "எனக்கு எதுக்குல அது? இப்பத்தான் காது லேசா இருக்கு" என்றாள் அம்மா. சரி என்று விட்டுவிட்டேன். அவ்வளவு சீக்கிரம் விட்டிருக்க வேண்டாம்.

மகளிடம் இதைச் சொன்னேன். அவள் சொன்னாள்: "சின்ன வயசுல ஆச்சி மடியில படுத்துக்கிட்டு அந்தக் காதைப் பிடிச்சு ஆட்டிட்டே இருப்பேன். பாம்படம் எங்க ஆச்சின்னு கேட்பேன். 'காலேஜுக்குப் படிக்கப் போயிருக்கு, வந்துரும்'னு சொல்லும். நான் ரொம்ப நாள் நம்பிட்டிருந்தேன்பா."

சுவரில் முதல் கட்டத்துக்கு மேலே தலைப்பு எழுதி ஒட்டியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். 'படிக்கப் போன பாம்படம்'.

நான் அதற்கப்புறம் கதை இலாகாவிலிருந்து ராஜினாமா செய்துவிட்டேன்.

கட்டங்களை எல்லாம் போட்டோ எடுத்து, விநாடிக் கணக்கில் அடுக்கி, தோராயமாகச் சத்தம் சேர்த்து ஓட்டிப் பார்ப்பதற்கு அனிமேடிக் என்று பெயர். ஆடாத படம்தான், ஆனால் நீளம் தெரிந்துவிடும். முதல் தடவை 3 நிமிஷம் 40 விநாடி ஓடியது. வெட்டி வெட்டி 2 நிமிஷம் 30-க்குக் கொண்டுவந்து டி.வி.யில் போட்டாள். பக்கத்து வீட்டு மாமா, "படம் ஆடவே இல்லையே, நெட் ஸ்லோவா?" என்றார்.

அந்த "எம்மா"வுக்குக் குரல் நான்தான். சத்தம் சேர்க்கிற சிநேகிதன் சென்னையிலிருந்து போனில் சொல்லச் சொல்ல, பீரோவைத் திறந்து, துணிகளுக்கு நடுவே தலையை விட்டுக்கொண்டு கூப்பிட்டேன். எதிரொலி வராமல் இருக்கவாம். முதல் "எம்மா" கல்லூரிக்குப் போகிற பையன் குரல். அதற்கு 17 தடவை ஆயிற்று. கடைசிக் காட்சிக்கான "எம்மா" ஒரே தடவையில் சரியாகிவிட்டது.

மகள் ஊருக்குப் போய் ஒரு மாசமாகிறது. கணக்குப்படி 500 படத்துக்கு மேல் முடிந்திருக்க வேண்டும். நேற்று கேட்டேன், 340 என்றாள். சேலை வெறும் நிறமானதால்தான் அதுவாவது முடிந்ததாம். சாவிக்கொத்து இரண்டையும், "கனம் சரியா இருக்கு, இன்னும் வேணும்" என்று கையோடு எடுத்துப் போயிருக்கிறாள். ஒன்றில் பீரோச் சாவி இருக்கிறது. எங்கே என்று வீட்டில் தினமும் கேட்கிறார்கள். வந்துரும் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.