தகப்பன் வீட்டைத் தேடி

இரயில் நிலைய வாசலில் நம்மைச் சோதிக்கும் மெட்டல் டிடெக்டரை நாம் யாவரும் அறிவோம். அவ்வகைக் கருவியொன்றைக் கையிலேந்தி, பாழடைந்த பண்ணை வீடுகள் இருந்த இடங்களில் பழம்பொருள் தேடி அலைவது அமெரிக்காவில் அநேகருக்கு விடுமுறை நாள் பொழுதுபோக்கு. பொத்தான், குதிரை லாடம், தேய்ந்த காசு என்று ஏதேனும் அகப்படும். ஆனால் 2020-ஆம் ஆண்டின் இறுதியில், மேரிலாந்து மாநிலத்தின் சதுப்பு நிலமொன்றில் இக்கருவியோடு நடந்த ஜூலி ஷப்லிட்ஸ்கி என்ற தொல்லியல் அறிஞர் புதையலைத் தேடவில்லை. ஒரு தகப்பனின் வீட்டைத் தேடினார்.

அந்தத் தகப்பன் பென் ராஸ். அடிமைகளாயிருந்த ஏறத்தாழ 70 பேரை இரவோடு இரவாக அழைத்துச் சென்று விடுவித்ததால் "மோசே" என்று பெயர் பெற்ற ஹேரியட் டப்மனின் தந்தை இவரே. இவரும் அடிமையாயிருந்தவர்தான். காட்டில் மரம் வெட்டும் வேலையை மேற்பார்த்து, கப்பல் கட்டும் தளங்களுக்கு மரம் அனுப்பிவந்தார். 1836-இல் மரித்த இவருடைய எஜமான், சில ஆண்டுகளுக்குப் பின் இவருக்கு விடுதலையும், ஆயுள் முழுவதும் அனுபவிக்க 10 ஏக்கர் நிலமும் கொடுக்கவேண்டுமென்று உயில் எழுதியிருந்தார். 1840-இல் விடுதலை கிடைத்தது. ஹேரியட்டும் தம் வாலிப வயதில் இங்கே தந்தையோடு சில காலம் வாழ்ந்தார்.

உயில் இருந்தது. வீடுதான் இல்லை. மரவீடு மக்கிப்போய், பாதையும் காடாகிவிட்டது. 2020-இல் அமெரிக்க அரசு அப்பகுதியில் 2,600 ஏக்கரை வாங்கி, பிளாக்வாட்டர் வனவிலங்குச் சரணாலயத்தோடு சேர்த்தபின்பே தேடுதல் தொடங்கிற்று. சேற்றிலும் தண்ணீரிலும் நின்று ஏறத்தாழ 1,000 சிறு குழிகள் தோண்டியும் வீட்டைக் காணோம். சோர்ந்துபோன நிலையில், கைவிடப்பட்ட பழைய பாதையொன்றின் ஓரமாகக் கருவியை வீசிக்கொண்டு நடந்தார் ஷப்லிட்ஸ்கி. முதலில் கிடைத்தவை வேட்டைக்காரரின் தோட்டா உறைகள். பின்னர் ஒரு 50 சென்ட் வெள்ளிக் காசு. அதில் 1808 என்றிருந்தது. பென் ராஸ் தம் மனைவி ரிட்டை மணந்ததும் ஏறத்தாழ அவ்வாண்டில்தான்!

காசு எதையும் நிரூபித்துவிடவில்லை. அருகில் வந்துவிட்டோம் என்ற நம்பிக்கையை மாத்திரம் தந்தது. 2021 மார்ச்சில் மறுபடியும் தோண்டியபோது செங்கற்கள், உடைந்த பீங்கான் துண்டுகள், ஒரு பொத்தான், மேசை இழுப்பறையின் கைப்பிடி, புகைக்குழாயின் காம்பு ஆகியவை வெளிவந்தன. பீங்கானின் காலம் பென் ராஸின் காலத்தோடு பொருந்தியது. ஏப்ரலில் செய்தியை உலகிற்கு அறிவித்தார்கள்.

இக்கருவியின் வட்டத் தகட்டிலுள்ள கம்பிச்சுருள் மாறிக்கொண்டேயிருக்கும் காந்தப்புலத்தை மண்ணுக்குள் அனுப்புகிறது. உலோகம் இருந்தால் அதில் சிறு மின்னோட்டம் உண்டாகி, பதில் சமிக்ஞை திரும்பி வர, கருவி ஒலிக்கிறது. பொன் வெள்ளியை நாடுவோர் இரும்புக்கு ஒலிக்காதபடி இதனைத் திருப்பி வைத்துக்கொள்வதுண்டு. துருப்பிடித்த ஆணி யாருக்கு வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். ஆனால் மரம் மக்கிய பின்னும் ஆணி நிலைக்கும். ஆணிகள் குவிந்து கிடக்குமிடத்தில் ஒரு வீடு நின்றிருக்கலாம். கொல்லன் அடித்த ஆணி ஒரு காலம், இயந்திரம் வெட்டிய சதுர ஆணி மற்றொரு காலம், உருண்டைக் கம்பி ஆணியோ 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. கிடந்த இடத்தைக் குறிக்காமல் பெயர்த்தெடுத்துவிட்டால் அந்த ஆணி வெறும் பழைய இரும்பே. 1808-ஆம் ஆண்டுக் காசை யாரோ ஒருவர் முன்னரே சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு போயிருந்தால் என்னவாகியிருக்கும்? அரசு நிலத்தில் அனுமதியின்றிப் பழம்பொருள் தோண்டுவதை 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பதும் இதனால்தான். கடலோ எந்தச் சட்டத்திற்கும் கட்டுப்படாது. 1930-களுக்குப் பின் இந்தச் சரணாலயம் 5,000 ஏக்கருக்கும் அதிகமான சதுப்பு நிலத்தை நீருக்குப் பறிகொடுத்திருக்கிறது.

மண்ணில் கிடைத்த பொத்தான் யாருடைய சட்டையிலிருந்து விழுந்ததென்று ஒருவரும் அறியார். அந்த வீட்டுத் தலைவர் எப்படிப்பட்டவர் என்பதோ நன்கு தெரியும். பிற்காலத்தில் அவர் வேறோர் ஊரில் குடியிருந்தார். 1854-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஹேரியட் தம் சகோதரர்களை மீட்க வந்து, அந்த வீட்டருகே தானியக் கொட்டகையில் அவர்களோடு ஒளிந்திருந்தார். அழுது காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று தாயிடம் சொல்லவில்லை. தகப்பன் மாத்திரம் ஆகாரம் கொண்டுவந்தார். பிள்ளைகளைப் பார்த்தாயா என்று தேடி வருகிறவர்கள் கேட்டால், "பார்க்கவில்லை" என்று பொய்யின்றிச் சொல்லவேண்டுமே! ஆகவே கண்களைத் துணியால் கட்டிக்கொண்டார். பிள்ளைகள் புறப்பட்டபோது, அந்தக் கட்டை அவிழ்க்காமலே அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு சற்றுத் தூரம் கூட நடந்துபோய், பாதையில் நின்று, காலடிச் சத்தம் ஓயும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.