உங்க ஆபீஸ் மொட்டை மாடிக்குக் கடைசியா யார் ஏறிப் பார்த்தாங்க?

நாளைக்கு ஆபீஸ் போனதும் ஒரு நிமிஷம் சுத்திப் பாருங்க. சுவரில் மாட்டியிருக்கும் சிவப்பு தீயணைப்பு சிலிண்டரில் அடுத்த ரீஃபில் தேதி இருக்கும். லிஃப்ட்டுக்குள் லைசென்ஸ் ஒட்டியிருக்கும். ஏ.சி-க்கு வருடாந்தர சர்வீஸ் கான்ட்ராக்ட் இருக்கும். இதையெல்லாம் வெயிலில் இருந்தும் மழையில் இருந்தும் காப்பாத்துற மேல்தளத்துக்கு என்ன இருக்கு? பல கட்டடங்களில் ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்காது. ஃபால்ஸ் சீலிங்கில் டீ கொட்டின மாதிரி பழுப்பு வட்டம் வந்த பிறகுதான், தலைக்கு மேல ஒரு கூரை இருக்குன்னே ஞாபகம் வரும். உடனே அங்க ஒரு பக்கெட் வைப்பாங்க. மழை விட்டதும் பக்கெட்டோடு சேர்த்து பிரச்னையையும் மறந்துடுவாங்க.

'அது ஓனர் பாடு, நமக்கென்ன?'ன்னு தோணலாம். ஆனா, மேல் மாடியில் ஜிம்மோ கஃபேயோ நடத்துறது நீங்களா இருக்கலாம். அப்பா கட்டின காம்ப்ளெக்ஸ் இப்போ உங்க பொறுப்புக்கு வந்திருக்கலாம். எதுவுமே இல்லைன்னாலும், தினமும் 9 மணி நேரம் அந்தக் கூரைக்குக் கீழதானே உட்கார்ந்திருக்கீங்க?

இதுக்குத்தான் வருடாந்தரக் கூரை நிலை அறிக்கை. மாஸ்டர் ஹெல்த் செக்கப் மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஒரு வருஷத்து சுகர் அளவை மட்டும் பார்த்தா பெருசா ஒண்ணும் தெரியாது. போன வருஷத்தோட ஒப்பிட்டாத்தான் ஏறுதா, இறங்குதான்னு புரியும். கூரைக்கும் அப்படித்தான். ஒரே இடத்தை வருஷா வருஷம் பார்த்து, மாற்றத்தைப் பதிவு பண்றதுதான் இந்த அறிக்கையோட உயிர்.

எப்போ பார்க்கணும்?

சென்னை, கடலூர், நாகை பக்கம்னா ஆகஸ்ட் - செப்டம்பர் சரியான நேரம். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை ஆரம்பிச்சுடும். பெரும்பாலான வாட்டர்ப்ரூஃபிங் வேலைகளுக்குத் தளம் காய்ஞ்சிருக்கணும். அதனால கண்டுபிடிக்க மட்டுமில்ல, சரி பண்ணவும் நாள் வேணும். தென்மேற்குப் பருவமழை நல்லா பெய்யும் கன்னியாகுமரி, நீலகிரி பக்கம்னா ஏப்ரல் - மே மாதமே முடிச்சுடணும். மழைக்காலம் முடிஞ்சதும் இன்னொரு தடவை சும்மா ஏறிப் பார்க்கிறது நல்லது. புயல் அடிச்சா, தேதி பார்க்காம உடனே பார்க்கணும்.

முதல்ல கீழே இருந்து ஆரம்பிங்க

நேரா மாடிக்கு ஓடாதீங்க. கட்டட வரைபடம், வாட்டர்ப்ரூஃபிங் வாரன்ட்டி, போன வருஷ அறிக்கை மூணையும் எடுத்து வையுங்க. வரைபடம் இல்லைன்னா ஒரு தாளில் மாடியை வரைஞ்சு, கட்டம் கட்டமாப் பிரிச்சு ஏ1, ஏ2, பி1, பி2-ன்னு பேர் வையுங்க. 'வடக்குப் பக்கம் ஓரத்துல கொஞ்சம் விரிசல்'னு எழுதினா அடுத்த வருஷம் யாராலயும் கண்டுபிடிக்க முடியாது. 'பி3 கட்டம், கைப்பிடிச் சுவர் அடியில்'னு எழுதினா யார் வந்தாலும் கண்டுபிடிச்சுடுவாங்க.

அடுத்து, செக்யூரிட்டி அண்ணன்கிட்டயும் ஹவுஸ்கீப்பிங் அக்காகிட்டயும் பேசுங்க. எங்க சொட்டுது, எப்போ சொட்டுதுன்னு அவங்களுக்குத்தான் அத்துப்படி. மழையே இல்லாத நாளிலும் சொட்டினா, ஏ.சி டிரெயின் பைப்பையும் டேங்க் லைனையும்தான் முதல்ல சந்தேகப்படணும். மழை பெய்யும்போது மட்டும் சொட்டினா கூரைப் பக்கம் பார்க்கணும்.

மேல் மாடி சீலிங்கில் இருக்கும் கறை, ஓதம், உப்புப் பூத்த இடம் எல்லாத்தையும் வரைபடத்தில் குறிச்சுக்கோங்க. ஒரு எச்சரிக்கை: கீழே சொட்டுற இடத்துக்கு நேர் மேலதான் ஓட்டை இருக்கும்னு கட்டாயம் இல்லை. தண்ணி தளத்துக்குள்ளயும் ஒயரிங் பைப் வழியாவும் பல அடி தூரம் நகர்ந்து வந்து சொட்டும்.

தண்ணிக்கு வழி இருக்கா?

மாடியில் முதல் கேள்வி இதுதான். மேஸ்திரிங்க 'வாட்டம்'னு சொல்ற சரிவு, மழைநீர்க் குழாயை நோக்கி இருக்கணும். குழாய் வாயில் இலை, பிளாஸ்டிக் கவர், டீ கப், செத்த புறா இருக்கான்னு பாருங்க. அந்தக் குழாய் கீழே எங்க போகுதுன்னும் பாருங்க. தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமாக்கப்பட்டது. சேகரிப்புத் தொட்டி மண் அடைச்சிருந்தா, தண்ணி எதிர்த்து மாடியிலேயே தேங்க வாய்ப்பிருக்கு.

மழை நின்னு 48 மணி நேரத்துக்குப் பிறகும் தண்ணி தேங்கி நின்னா அது கோளாறுன்னு குறிச்சுக்கோங்க. வெயில் காலத்தில் பார்க்கப் போனாலும் தேங்கின இடம் தெரியும். வட்டமா அழுக்குக் கறையும் காய்ஞ்ச பாசியும் இருக்கும்.

தேங்குற தண்ணியைச் சாதாரணமா நினைக்காதீங்க. 10 மீட்டர் நீளம், 10 மீட்டர் அகலம் உள்ள மாடியில் 5 சென்டிமீட்டர் தண்ணி நின்னா, அதோட எடை 5 டன். சின்ன கார் அஞ்சாறை மாடியில் நிறுத்தின மாதிரி.

தரை, ஓரம், கம்பி

தட்டோடு பதிச்ச மாடின்னா, ஓடுகளுக்கு நடுவில் இருக்கும் கலவை உதிர்ந்திருக்கான்னு பாருங்க. வாட்டர்ப்ரூஃப் ஷீட் ஒட்டியிருந்தா கொப்புளம், கிழிசல், ஓரம் பிரியுதான்னு பாருங்க. தரையும் கைப்பிடிச் சுவரும் சேர்ற மூலை, குழாய் தளத்தைத் துளைச்சுப் போற இடம், ரெண்டு பிளாக்குக்கு நடுவில் விட்ட இணைப்பு இடைவெளி இதெல்லாம் வழக்கமா கசியுற இடங்கள். விரிசலில் குட்டியா ஒரு அரசங்கன்று முளைச்சிருந்தா, 'செடிதானே'ன்னு விடாதீங்க. அங்க ஈரம் இருக்குன்னு அது சொல்லுது. பிடுங்கிப் போட்டாலும் வேர் உள்ளேயே நின்னு விரிசலைப் பெருசாக்கும்.

துரு நிறக் கறை, பூச்சு பெயர்ந்து கம்பி தெரியுற இடம் இருந்தா உடனே கவனிக்கணும். கான்கிரீட்டுக்குள் ஈரம் போனா கம்பி துருப்பிடிக்கும். துருவுக்கு இரும்பைவிட பல மடங்கு இடம் வேணும். அது உள்ளேயிருந்தே கான்கிரீட்டைத் தள்ளி உடைக்கும். சிமென்ட் பூசி மூடினா பார்வைக்கு நல்லாயிருக்கும். உள்ளே துரு வேலை செஞ்சுக்கிட்டே இருக்கும்.

மேல என்ன ஏத்தி வெச்சிருக்கீங்க?

கட்டடம் கட்டினப்போ இல்லாத எத்தனை பொருள் இப்போ மாடியில் இருக்கு? கூடுதல் டேங்க், ஏ.சி அவுட்டோர் யூனிட், சோலார் பேனல், செல்போன் டவர், விளம்பர போர்டு... எல்லாத்தையும் பட்டியல் போடுங்க. எப்போ வெச்சாங்க, போல்ட் போட்ட இடத்தில் வாட்டர்ப்ரூஃபிங் சேதமாகியிருக்கான்னு எழுதுங்க.

ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு, சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ கூடுதல் பாரத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்லுது இந்தியத் தரவிதி ஐ.எஸ் 875. 1,000 லிட்டர் டேங்க் நிரம்பினா 1 டன். அது உட்கார்ற இடமோ ஒரு சதுர மீட்டர்தான் இருக்கும். பீம், தூண் எங்க இருக்குன்னு பார்த்து டேங்க் வைக்கச் சொல்றது இதனாலதான். குழாய் அடைச்சு 15 சென்டிமீட்டர் தண்ணி நின்னாலே அந்த 150 கிலோ கணக்கு முடிஞ்சுடும்.

தென்கொரியத் தலைநகர் சோலில் இருந்த சாம்பூங் டிபார்ட்மென்ட் ஸ்டோர் 1995 ஜூன் 29 அன்று இடிந்து விழுந்து 502 பேர் இறந்தாங்க. கட்டுமானத்திலேயே பல தவறுகள் இருந்தன. அதோட, கூரையில் இருந்த ராட்சத ஏ.சி இயந்திரங்களைத் தளத்தின் மேலேயே நகர்த்தி இடம் மாத்தினதும், அப்போ உண்டான விரிசல்களும் முக்கியக் காரணங்களாச் சொல்லப்பட்டன. இடிஞ்ச அன்னிக்குக் காலையிலேயே மேல்தளத்தில் விரிசல் தெரிஞ்சும், கடையை முழுசா மூடலை.

ஷீட் கூரையா?

குடோன், ஷோரூம், கல்யாண மண்டபம்னா பெரும்பாலும் தகரக் கூரை. ஸ்க்ரூ தளர்ந்திருக்கா, அதோட ரப்பர் வாஷர் வெடிச்சிருக்கா, ஷீட்டுகள் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுற இடத்தில் துரு இருக்கா, ஓரத் தண்ணிக் கால்வாய் அடைச்சிருக்கான்னு பாருங்க. புயல் காத்து கூரையை மேல தூக்கும். ஒரு ஓரம் பிரிஞ்சுட்டா அடுத்தடுத்த ஷீட்டும் கிளம்பும். 2016 டிசம்பரில் சென்னையைத் தாக்கின வர்தா புயலைப் பார்த்தவங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆனா ஒண்ணு, ஷீட் கூரை மேல நீங்க ஏறாதீங்க. ஆஸ்பெஸ்டாஸும் வெளிச்சத்துக்குப் போடுற பிளாஸ்டிக் ஷீட்டும் காலை வெச்சா உடையும். பழகின ஆள், இடுப்பில் பெல்ட், மிதிக்கப் பலகை... இது மூணும் இல்லாம வேண்டாம். கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிக்கும் மழை பெய்யும்போதும் தனியாப் போகாதீங்க.

எழுதுறது எப்படி?

ஒவ்வொரு குறைக்கும் அஞ்சு விஷயம் போதும்: எந்த இடம், போட்டோ, அளவு, எவ்வளவு அவசரம், யார் எந்தத் தேதிக்குள் சரி பண்ணணும். ஒரு உதாரணம் பாருங்க:

'பி3 கட்டம். கைப்பிடிச் சுவர் அடியில் விரிசல். நீளம் 60 செ.மீ, போன வருஷம் 40. அகலம் 1 மி.மீ. கீழே இரண்டாவது கேபின் சீலிங்கில் ஓதம். மஞ்சள். செப்டம்பர் 20-க்குள் இன்ஜினீயர் பார்க்க வேண்டும். பொறுப்பு: கட்டடப் பராமரிப்பு மேனேஜர்.'

அவசரத்துக்கு மூணு நிறம் வெச்சுக்கலாம். உடனே செய்யணும்னா சிவப்பு, மழைக்கு முன்னாடின்னா மஞ்சள், அடுத்த வருஷம் மறுபடி பார்த்தாப் போதும்னா பச்சை. 'சுமாரா இருக்கு', 'பரவாயில்லை' இந்த வார்த்தைகள் அறிக்கையில் வரவே கூடாது.

போட்டோவை வருஷா வருஷம் ஒரே இடத்தில் நின்னு, ஒரே கோணத்தில் எடுங்க. பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்க. விரிசலோட ரெண்டு முனையிலும் கோடு போட்டுத் தேதி எழுதுங்க; அடுத்த தடவை அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தா அது வளருதுன்னு அர்த்தம். பார்க்க முடியாத இடம் இருந்தா, 'பூட்டியிருந்தது, பார்க்கவில்லை'ன்னு அப்படியே எழுதுங்க. காலியா விட்டா, படிக்கிறவங்க அங்க எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுப்பாங்க. கடைசியா, வாட்ஸ்அப் குரூப்பில் போட்டதோட நிறுத்தாதீங்க. தேதி, கையெழுத்தோட பி.டி.எஃப்-ஆ சேமிச்சு வையுங்க.

இது எல்லாமே கவனமான ஒரு ஆள் செய்யக்கூடிய வேலைதான். ஆனா கம்பி தெரிஞ்சா, தளம் நடுவில் தொய்ஞ்சா, விரிசல் வளர்ந்தா, பீமிலோ தூணிலோ விரிசல் இருந்தா, புதுசா பாரம் ஏத்தணும்னா கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிட்டே ஆகணும். அங்க நம்ம கணிப்பு செல்லாது.

அறிக்கை இருந்தும் விழுந்த கூரை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் எலியட் லேக்னு ஒரு சின்ன ஊர். அங்க 1980-ல் ஆல்கோ சென்டர் மால் திறந்தாங்க. அதோட கூரைதான் கார் பார்க்கிங். ஆரம்பத்திலிருந்தே கசிவு. குளிர்காலத்தில் சாலையில் தூவுற உப்பு, கார் டயரோட வந்து, கரைஞ்சு, கூரைக்குள் இறங்கி இரும்பை அரிச்சது. கடைக்காரங்க பக்கெட் வெச்சாங்க, தார்ப்பாய் கட்டினாங்க. 30 வருஷத்துக்கு மேல ஊரே கசிவோட வாழப் பழகிடுச்சு. 2012 ஜூன் 23 அன்னிக்கு ஒரு பீமின் வெல்டிங் இணைப்பு விட்டுப் போக, பார்க்கிங் தளத்தின் ஒரு பகுதி கடைக்குள் விழுந்தது. ரெண்டு பெண்கள் இறந்தாங்க.

இத்தனைக்கும் அந்த மாலை யாரும் பரிசோதிக்காம விடலை. விழுறதுக்குச் சில வாரங்களுக்கு முன்னாடிதான் ஒரு பொறியாளர் வந்து பார்த்து, கட்டடம் உறுதியா இருக்குன்னு அறிக்கை கொடுத்திருந்தார். உரிமையாளர் கேட்டுக்கிட்டதால, கையெழுத்துப் போட்ட பிறகு அந்த அறிக்கை திருத்தப்பட்டதும் பொது விசாரணையில் வெளியே வந்தது. 2014-ல் வந்த விசாரணை அறிக்கை, இரும்பு தோத்ததைவிட மனுஷங்க தவறினதுதான் பெருசுன்னு சொன்னது.

அறிக்கைங்கிறது வங்கிக்கும் இன்ஷூரன்ஸுக்கும் காட்டுற சான்றிதழ் இல்லை. கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லலைன்னா, அது வெறும் காகிதம்தான்.

நீங்க கேட்க வேண்டிய மூணு கேள்வி

நீங்க வாடகைக்கு இருக்கீங்களா? இல்ல, வெறும் ஊழியரா? அடுத்த தடவை பில்டிங் மேனேஜரைப் பார்க்கும்போது மூணே மூணு கேள்வி கேளுங்க. கூரையைக் கடைசியா எப்போ பார்த்தாங்க? அதில் சிவப்புக் குறி போட்ட வேலைகள் முடிஞ்சதா? வாடகை ஒப்பந்தப்படி கூரையைச் சரி பண்றது யார் பொறுப்பு?

பதில் வந்தா நல்லது. 'பார்த்துச் சொல்றேன்'னு வந்தா, அதே கேள்வியை இமெயிலில் தேதியோட அனுப்புங்க, சீலிங் கறையோட போட்டோவையும் சேர்த்து. பல கட்டடங்களில் முதல் கூரை அறிக்கை அப்படி ஒரு மெயிலில் இருந்துகூட ஆரம்பிக்கலாம். அக்டோபர் வர்றதுக்கு முன்னாடி அனுப்பிடுங்க.