புல்தைலம் ஏன் மிதக்கிறது?

உடுமலைப்பேட்டையிலிருந்து சின்னாறு வழியாக மூணாறுக்கு ஏறும் சாலையில் இருக்கிறது மறையூர். இடுக்கி மாவட்டம்தான், ஆனால் கடைத்தெருவில் தமிழ்தான் அதிகம் காதில் விழும். சந்தனக்காட்டுக்குப் பேர்போன இந்தச் சரிவுகளில் தைலப்புல்லும் விளைகிறது. அறுத்த புல்லைக் கொப்பரையில் திணித்து, அடியில் தண்ணீர் விட்டு, விறகெரித்துக் காய்ச்சுவார்கள். ஆவி குழாயில் குளிர்ந்து சொட்டும்போது தண்ணீர் கீழே தங்க, மஞ்சள் தைலம் மேலே மிதக்கும்.

எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் பகை என்பார்கள். பகையெல்லாம் ஒன்றுமில்லை, தண்ணீருக்குத் தண்ணீரோடு இருக்கும் ஒட்டுறவு அப்படி.

இரண்டு அணுக்கள் எலக்ட்ரான்களைப் பங்குபோட்டுப் பிணையும்போது பங்கு பெரும்பாலும் சமமாக இருக்காது. கயிறிழுப்புதான். எந்த அணுவுக்கு எவ்வளவு இழுப்பு என்று 1932இல் லைனஸ் பாலிங் ஓர் அளவுகோல் வகுத்தார். எலக்ட்ரான் கவர்தன்மை என்பது அதுவே. ஆக்ஸிஜனுக்கு 3.44, கார்பனுக்கு 2.55, ஹைட்ரஜனுக்கு 2.20.

தண்ணீரில் ஆக்ஸிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் அங்கே சிறிது எதிர்மின் சாயல். ஹைட்ரஜன்களிடம் நேர்மின் சாயல். ஒரு மூலக்கூறின் ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்ஸிஜனைப் பற்றுகிறது. இது ஹைட்ரஜன் பிணைப்பு. இதன் வலிமையை அறிய மீத்தேனைப் பாருங்கள். எடையில் ஏறக்குறைய தண்ணீரேதான். கொதிப்பதோ மைனஸ் 161 டிகிரியில்! கார்பனும் ஹைட்ரஜனும் கிட்டத்தட்ட சம பலம், அதனால் முனைகள் உருவாவதில்லை.

தைலத்தின் முக்கியப் பொருளான சிட்ராலில் 10 கார்பன், 16 ஹைட்ரஜன், ஒரே ஒரு ஆக்ஸிஜன். இவ்வளவு நீண்ட முனைவற்ற உடலுக்கு இடம்விட வேண்டுமானால் தண்ணீர் தன் பிணைப்புகளைக் குலைத்துக்கொள்ள வேண்டும். விடுவதில்லை. வடிந்த தண்ணீரிலும் கொஞ்சம் மணம் தங்குகிறதே, அது அந்த ஒற்றை ஆக்ஸிஜனின் தயவு.

கலக்காததிலும் லாபம் உண்டு. சிட்ரால் தனியாகக் கொதிக்க ஏறக்குறைய 229 டிகிரி வேண்டும். கலவாத இரு திரவங்களின் ஆவியழுத்தங்களோ ஒன்றோடொன்று கூடுகின்றன. அதனால் 100 டிகிரிக்குள்ளேயே நீராவியோடு தைலமும் ஏறிவிடுகிறது, கருகாமல்.

2019இல் புவிசார் குறியீடு பெற்ற மறையூர் வெல்லத்தின் கதை நேரெதிர். கரும்புச் சர்க்கரை மூலக்கூறு ஒன்றில் ஆக்ஸிஜன்–ஹைட்ரஜன் ஜோடிகள் எட்டு; எட்டும் தண்ணீருக்குக் கைகொடுப்பவை. மழைக்காலத்தில் மூடாமல் வைத்த வெல்ல உருண்டை காற்றின் ஈரத்தை வாங்கிக் கசிவதும் இதனால்தான்.