மூளை நோயின் வேரைத் தேடிய பேராசிரியை

நாற்பது வயது வரை திடமாக நடமாடிய ஒருவர் மெல்ல மெல்லத் தள்ளாடத் தொடங்குகிறார். குவளையைப் பிடித்த கை நடுங்குகிறது. நா குழறுகிறது. நாளடைவில் உணவை விழுங்குவதும் அரிதாகிறது. அவருடைய தந்தைக்கும் இதே துன்பம் நேர்ந்தது. ஆனால் ஐம்பது வயதைக் கடந்த பின்னர். அவருடைய மகனுக்கோ முப்பதிலேயே அறிகுறிகள் தென்பட்டுவிட்டன. தலைமுறைதோறும் நோய் ஏன் முந்திக்கொண்டு வருகிறது?

சிறுமூளையின் நரம்பணுக்களைச் சிதைக்கும் இந்நோய்க்கு 'ஸ்பைனோ செரிபெல்லர் அட்டாக்ஸியா - முதல் வகை' என்று பெயர். வாசக நேயர்களே! மேற்கண்ட வினாவுக்கு விடை கண்டவர்களுள் ஒருவர், போரினால் தாய்நாட்டைப் பிரிந்து சென்ற லெபனான் நாட்டுப் பெண்மணி. அவர்தான் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள பேலர் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை டாக்டர் ஹுதா ஸோக்பி.

தாயாரின் அறிவுரை

1954இல் பெய்ரூத்தில் பிறந்த ஹுதாவுக்கு இளமையில் இலக்கியத்தின் மீதே பற்று. ஷேக்ஸ்பியரின் நாடகங்களில் மனத்தைப் பறிகொடுத்திருந்தார். ஆனால் அவருடைய தாயார், ஒரு பெண் தன் சொந்தக் காலில் நிற்க உதவும் கல்வியே தேவை என்று எடுத்துரைத்து, மகளை மருத்துவத்தின் பக்கம் திருப்பினார். இலக்கியத்தை எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம் அல்லவா?

1975இல் பெய்ரூத் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலத் தொடங்கினார். அவ்வாண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. குண்டுச் சத்தங்களுக்கு நடுவே முதலாண்டுப் படிப்பு முடிந்தது. 1976இல், போர் ஓயும் வரை தங்கியிருக்கலாம் என்று அமெரிக்கா சென்றவருக்குத் திரும்பி வரும் வழி அடைபட்டது. நாஷ்வில் நகரின் மெஹாரி மருத்துவக் கல்லூரி அவரை ஏற்றுக்கொண்டது. 1979இல் பட்டம் பெற்று, ஹூஸ்டனில் குழந்தை மருத்துவமும் நரம்பியலும் பயின்றார்.

எழுத்துப் பிழையின் விளைவு

நோயாளிகளுக்கு நோயின் பெயரைச் சொல்ல முடிகிறது. காரணத்தைச் சொல்ல முடியவில்லையே என்ற ஏக்கமே அவரை ஆய்வகத்தினுள் இட்டுச் சென்றது. டெக்சாஸ் மாநிலத்தில் அட்டாக்ஸியாவால் பீடிக்கப்பட்ட ஒரு பெருங்குடும்பத்தை அவர் ஆராய்ந்தார். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஹாரி ஓர் என்னும் அறிஞரும் அதே நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். இருவரும் போட்டியிடாமல் கைகோத்தனர். 1993 ஏப்ரலில், ஒரே நாளில் இரு ஆய்வகங்களும் அந்த மரபணுவைக் கண்டுபிடித்தன. இணைந்தே உலகுக்கு அறிவித்தன.

அவர்கள் கண்டது என்ன? நம் மரபுச் செய்தி நான்கே எழுத்துகளால் எழுதப்பட்டது. ஆறாம் குரோமோசோமிலுள்ள அந்த மரபணுவில் 'சி.ஏ.ஜி.' என்னும் மூன்றெழுத்துத் தொடர், இயல்பானவர்களிடம் முப்பது முறை அளவில் திரும்பத் திரும்ப வருகிறது. நோயாளிகளிடமோ அது நாற்பதையும் தாண்டிவிடுகிறது. தொடர் நீளும் அளவுக்கு நோயும் விரைந்து வருகிறது. தலைமுறை மாறும்போது தொடர் மேலும் நீளக்கூடும் என்பதால்தான் மகன் தந்தைக்கு முன்னரே நோயுறுகிறான்!

இப்பிழையால் உருவாகும் 'அட்டாக்ஸின்-1' என்னும் புரதம் ஒழுங்காக மடிவதில்லை. அணுக்களால் அதை எளிதில் அப்புறப்படுத்த இயலுவதில்லை. தேங்கிய குப்பை வீட்டைக் கெடுப்பது போல், தேங்கிய புரதம் நரம்பணுவைக் கெடுக்கிறது. அல்ஸைமர், பார்க்கின்சன் நோய்களிலும் வேறு புரதங்கள் இவ்வாறே தேங்குகின்றன.

ஆகவே, புரதத்தின் அளவைக் குறைத்தால் நோயைத் தணிக்கலாமா என்று ஹுதாவும் சகாக்களும் ஆராய்ந்தனர். 2013இல் பழ ஈக்களிலும் எலிகளிலும் நடத்திய சோதனைகள் நம்பிக்கை அளித்தன. மனிதரில் இந்நோயை முற்றிலும் குணப்படுத்தும் மருந்து இன்னும் கிடைக்கவில்லை. எனினும், எங்கே தாக்க வேண்டும் என்பது புலப்பட்டுவிட்டது.

தாயின் மீது பழி வேண்டாம்

1983இல் ஹுதா ஒரு சிறுமியைக் கண்டார். நன்றாக வளர்ந்து வந்த குழந்தை, கற்ற சொற்களை இழந்து, ஓயாமல் கைகளைப் பிசைந்துகொண்டிருந்தது. 'ரெட்' நோய்க்குறி என்னும் இதற்கு மரபணுவே காரணமாக இருக்கக்கூடும் என்று கருதி, பலர் ஐயுற்றபோதும் பதினாறு ஆண்டுகள் தேடினார். 1999இல் 'எம்.இ.சி.பி.2' என்னும் மரபணுவில் அவருடைய குழுவினர் பிழையைக் கண்டுபிடித்தனர். இந்நோயில் நரம்பணுக்கள் மடிவதில்லை. 2007இல் ஏட்ரியன் பேர்ட் என்னும் பிரிட்டிஷ் அறிஞர், எலிகளில் இந்நோயின் அறிகுறிகளை மாற்றிக் காட்டினார்.

இல்லத்தரசிகள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒரு குழந்தை நோயுற்றால், "தாய் கர்ப்பத்தில் எதைச் சாப்பிட்டாளோ" என்றும், "சொந்தத்தில் சம்பந்தம் செய்ததன் பலன்" என்றும் சொல்லுவோர் உண்டு. சொந்தத்தில் மணம் புரிவதால் சில பரம்பரை நோய்களுக்கு வாய்ப்பு மிகுவது உண்மையே. ஆனால் ரெட் நோய்ப் பிழை, பெரும்பாலும் பெற்றோர் எவரிடமும் இல்லாமல் புதிதாகத் தோன்றுவது. அட்டாக்ஸியா முதல் வகையோ, பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே போதும், ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இரண்டிலும் மருமகள் மீது பழி சுமத்த இடமே இல்லை.

2017இல் பிரேக்த்ரூ பரிசும், 2022இல் ஹாரி ஓர் உள்ளிட்ட மூவருடன் காவ்லி பரிசும் ஹுதாவைத் தேடி வந்தன. எனினும் அவருடைய உழைப்பு நம் வீடுகளுக்குச் சொல்லும் செய்தி இதுவே: குடும்பத்தில் இத்தகைய நோய் இருப்பின் மறைக்காதீர்கள். நரம்பியல் மருத்துவரிடம் மூன்று தலைமுறை விவரத்தையும் கூறுங்கள். மணம் பேசும் முன்னரும் மகப்பேற்றுக்கு முன்னரும் மரபியல் ஆலோசனை பெறுங்கள். அறிவியலில் ஆர்வமுள்ள மகள் உங்கள் இல்லத்தில் இருந்தால், அவளுடைய படிப்பைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். பெய்ரூத்தில் ஒரு தாய் மகளுக்குச் சொன்ன அறிவுரையின் பயனை இன்று உலகமே அனுபவிக்கிறது.