கூரை வேலையை யாரிடம் ஒப்படைப்பது?

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் ஓட்டுக் கூரை ஆண்டுதோறும் இரு பருவ மழைகளைத் தாங்கவேண்டும். இடவப்பாதி ஜூனில் தொடங்குகிறது. துலாவர்ஷம் அக்டோபரில் வருகிறது. 2017 நவம்பர் 30 ஆம் நாள் ஒக்கிப் புயல் குமரி முனையை ஒட்டிச் சென்றபோது, எல்லையின் இருபுறத்தும் வீடுகள் சேதமுற்றன. இத்தகைய சமயங்களில் முதலில் வந்தவரிடமே வேலையை ஒப்படைக்க மனம் விரையும். அப்போதுதான் நாம் நிதானிக்கவேண்டும்.

ஒப்பந்தக்காரர் முன்பு வேய்ந்த கூரை ஒன்றையாவது நேரில் காண்போம். இரு பருவங்களையும் கடந்து ஒழுகாதிருக்கும் கூரையே அவருக்கு நற்சான்று. உடைந்த ஓட்டை மட்டும் மாற்றிவிட்டு இறங்குபவர் போதாது; கைமரம் உளுத்திருக்கிறதா, சட்டங்கள் தாழ்ந்திருக்கின்றனவா என்று ஆராய்பவரே தொழிலறிந்தவர். சட்டம் தாழ்ந்தால் ஓடுகளின் பொருத்து விலகும். அவ்விடைவெளியில் நீர் புகும்.

எல்லையோரத்தில் மொழியையும் கருதவேண்டும். நாம் கைமரம் என்பதை மலையாளத்தில் கழுக்கோல் என்பர். சட்டத்தைப் பட்டிக என்பர். ஆகவே மரத்தின் வகை, ஓட்டின் எண்ணிக்கை, கூலி, முடிக்கும் நாள் ஆகியவற்றை இரு தரப்பாருக்கும் விளங்கும் சொற்களில் எழுதிக்கொள்வது நலம். பணத்தைத் தவணைகளில் கொடுப்போம். முதல் பெருமழை கழியும்வரை ஒரு பகுதியை நிறுத்திவைக்கவும் முன்னரே பேசி முடிப்போம்.

மிகக் குறைந்த தொகை கேட்பவரிடம், எதைக் குறைக்கிறார் என்று கேட்பதில் தவறில்லை. அக்கூரையின் கீழ் உறங்குவோர் நம் குழந்தைகளல்லவா?