யுரேனியமும் மனச்சோர்வும்: எவரும் அளக்காத பாதிப்பு

ஹைதராபாத்: நாட்டின் கனநீர் அணு உலைகளுக்கான எரிபொருள் இந்நகரின் மௌலாலி பகுதியை ஒட்டியுள்ள அணு எரிபொருள் வளாகத்தில் தயாராகிறது. 1971-ல் நிறுவப்பட்ட இவ்வளாகத்துக்கு ஜார்க்கண்டின் ஜாதுகுடாவிலிருந்தும் ஆந்திரத்தின் தும்மலபள்ளியிலிருந்தும் யுரேனியச் செறிவு வருகிறது. கல்பாக்கத்தில் உள்ள சென்னை அணுமின் நிலையத்தின் எரிபொருளும் இங்கிருந்தே செல்கிறது. யுரேனியப் படிவுகளைத் தேடும் அணுக் கனிம இயக்குநரகத்தின் தலைமையகமும் இங்குதான், பேகம்பேட்டில் உள்ளது. எனவே, யுரேனியம் உடலோடு மனத்தையும் பாதிக்குமா என்ற கேள்வியை இந்நகரில் எழுப்புவது பொருத்தமே.

நேரடித் தொடர்பு இதுவரை நிறுவப்படவில்லை. இயற்கை யுரேனியத்தின் கதிர்வீச்சு வலுவற்றது. ஒரு கன உலோகம் என்ற முறையில் அது முதலில் தாக்குவது சிறுநீரகத்தை. குடிநீரில் லிட்டருக்கு 30 மைக்ரோகிராம் என்ற உலக சுகாதார அமைப்பின் வரம்பும் அதன் அடிப்படையிலேயே வகுக்கப்பட்டது. யுரேனியம் மூளையைச் சென்றடைவதும், செறிவூட்டப்பட்ட யுரேனியம் தூக்கச் சுழற்சியை மாற்றுவதும் எலிகளிடம் நடத்தப்பட்ட பிரெஞ்சு ஆய்வுகளில் தெரியவந்தன. வளைகுடாப் போரில் யுரேனியக் குண்டுச் சில்லுகள் உடலில் தங்கிவிட்ட அமெரிக்க வீரர்கள் 1993 முதல் பரிசோதிக்கப்பட்டு வருகின்றனர். தொடக்கத்தில் அவர்களிடம் காணப்பட்ட லேசான அறிவுத்திறன் வேறுபாடுகள் பிற்காலச் சோதனைகளில் உறுதிப்படவில்லை.

ஆனால் அச்சம் ஏற்படுத்தும் பாதிப்பில் ஐயமில்லை. செர்னோபில் விபத்தின் மிகப்பெரிய பொதுச் சுகாதாரப் பிரச்னை மனநலப் பாதிப்பே என்று ஐ.நா. அமைப்புகள் பங்கேற்ற குழு 2005-ல் கூறியது. அச்சத்தால் விளைந்தது என்பதால் மனச்சோர்வு பொய்யாகிவிடாது. இந்த உண்மையை நம் ஆட்சியாளர்கள் வேறுவிதமாகப் புரிந்துகொண்டனர். 2012-ல் கூடங்குளம் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது, போராடிய மக்களுக்கு ஆலோசனை வழங்க பெங்களூரு நிமான்ஸ் மருத்துவர்களை நாடினர். கேள்வி கேட்டவர்களுக்குக் கிடைத்தது நோயாளிப் பட்டம்!

தெலங்கானா வேறு பாதையில் சென்றது. அம்ராபாத் புலிகள் காப்பகத்தில் 83 சதுர கிலோமீட்டரில் யுரேனிய ஆய்வு நடத்த 2019 மே மாதம் வன ஆலோசனைக் குழு கொள்கையளவில் ஒப்புதல் வழங்கியதும், நல்லமலைக் காட்டின் செஞ்சு பழங்குடியினர் கொதித்தெழுந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் சட்டப்பேரவை ஒருமனதாக எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றியது. தும்மலபள்ளியில் நிலைமை வேறு. நிலத்தடி நீரும் வாழைத் தோட்டங்களும் கெட்டுவிட்டதாகக் கிராமத்தினர் பல ஆண்டுகளாக முறையிடுகின்றனர். யுரேனியக் கழகம் மறுத்து வருகிறது. தங்கள் கிணற்று நீர் நஞ்சா இல்லையா என்பது தெரியாமலேயே அவர்களின் வாழ்நாள் கழிகிறது.

இத்தகைய திட்டங்களுக்கான தாக்க மதிப்பீட்டில் நீருக்கும் காற்றுக்கும் இடமுண்டு. மனநலத்துக்குத் தனித் தலைப்பு இல்லை. மக்கள் தம் அச்சத்தை அதிகாரிகள் முன் சொல்லிப் பதிவு செய்ய இருந்த வாய்ப்பு பொது விசாரணை ஒன்றே. 2025 செப்டம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் அணுக் கனிமச் சுரங்கங்களுக்கு அதிலிருந்தும் விலக்களித்துவிட்டது. அணுசக்தித் துறை பிரதமரின் நேரடிப் பொறுப்பில் உள்ளது. அத்துறை குறித்து நாடாளுமன்றத்தில் உறுப்பினர்கள் எழுப்பும் கேள்விகளோ பெரும்பாலும் மெகாவாட் கணக்கோடு நின்றுவிடுகின்றன. சுரங்கக் கிராமங்களில் நீரையும் சிறுநீரகத்தையும் சோதிக்கும் குழுவில் ஒரு மனநல மருத்துவரைச் சேர்க்கப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. சுகாதார அமைச்சகத்தின் ஓர் உத்தரவு போதும்.